கல்லாகிப் போன ரப்பர்: போடிமெட்டு ஏறும் ஜீப்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

போடி, சிலமலை, தேவாரம் பக்கமிருந்து விடியுமுன்னே ஆள் ஏற்றிக்கொண்டு ஏலமலைக்குப் போகும் ஜீப் ஓட்டுநர்களுக்கும், வண்டி முதலாளிகளுக்கும், அந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப் அண்ணன் தம்பிகளுக்கும்:

போன கார்த்திகையில் ஒரு நாள் பூப்பாறைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு, காயெடுக்கப் போகும் பெண்களோடு ஒரு ஜீப்பின் பின்பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். இன்னும் மூன்று பேருக்காக வண்டி அடிவாரத்து முந்தலில் நின்றது. என்ஜினை அணைக்கவில்லை. நின்ற இடத்திலேயே வண்டி நடுங்கியது. காலடியில் இருந்த தூக்குவாளி மூடிகள் சலங்கை கட்டியதுபோல் அடித்துக்கொண்டன. பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார்: "இப்படியே உக்காந்து போனா இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும். மெட்டுல எறங்கி நாலு எட்டு நடந்தாத்தான் உசிரு வரும்." ஓட்டுநர் தம்பி திரும்பாமலே பதில் சொன்னார்: "ரோடு அப்படிக்கா, நான் என்ன செய்ய?"

நிற்கிற வண்டியை எந்த ரோடு ஆட்டும்?

மெட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது பானட்டைத் திறக்கச் சொன்னேன். என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இரண்டு இரும்புத் தகட்டுக்கிடையில் ஒட்டியிருக்குமே ரப்பர்க் கட்டை, என்ஜின் மவுண்டிங் என்கிறோம், சிலர் பவுண்டேஷன் ரப்பர் என்பார்கள், அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை. "நல்லாத்தானேண்ணே இருக்கு, எங்கயும் கிழியலயே" என்றார் தம்பி. அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. மதுரையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையின் சோதனை அறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். கிழிந்த ரப்பரை விடக் கிழியாத பழைய ரப்பர்தான் அதிகம் ஏமாற்றும் என்பது அங்கே படித்தது.

மவுண்டிங் எதற்கு இருக்கிறது? என்ஜினைத் தாங்க என்றால் நாலு போல்ட்டே போதும். என்ஜின் நடுக்கத்தைச் சேஸிஸுக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் அதில் ரப்பரை வைத்தார்கள். நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 1600, வினாடிக்கு ஏறக்குறைய 27 தட்டு. அதே என்ஜினை ரப்பர் மேல் உட்காரவைத்துத் தட்டிவிட்டால் அது தன்னிஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் ஆடும். நல்ல மவுண்டிங்கில் அது வினாடிக்கு 12 தடவை பக்கம் இருக்கட்டும். தட்டு 27, ஆட்டம் 12 என்று இடைவெளி இருக்கும்வரை என்ஜின் தரும் நடுக்கத்தில் நாலில் ஒரு பங்குதான் சேஸிஸுக்குப் போகும்.

இனி அதே ரப்பர் இரண்டு மடங்கு விறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் 12-லிருந்து 17-க்கு ஏறும். இடைவெளி சுருங்கும். கணக்குப் போட்டால் நாலில் ஒரு பங்கு போன இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு போகிறது. அதாவது பின் சீட்டில் இருக்கிற அக்காவுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் நடுக்கம். ரப்பரில் ஒரு கீறல் கூட இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், ஆக்சிலேட்டரை மிதித்துச் சுற்று 2400-க்குப் போனதும் இந்த நடுக்கம் காணாமல் போகும். தட்டு வினாடிக்கு 80 ஆகிவிடுகிறது, விறைத்த ரப்பர்கூட அதை வடிகட்டிவிடும். "ஓட்டத்துல சரியாத்தான் இருக்கு, ஐடில்லதான் கொஞ்சம் ஆடுது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறீர்களே, காரணம் இதுதான். உடனே மேஸ்திரி ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தூக்கிவைத்து அனுப்புவார். நடுக்கம் நிற்கும். டீசலும் புகையும் கூடும். மவுண்டிங் அப்படியே இருக்கும்.

இரண்டு மடங்கு விறைப்பு என்றால் ரப்பர் ரொம்பவும் மாறியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றுமில்லை. ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். சின்ன கடிகாரம் மாதிரி ஒரு கருவி, அதன் ஊசியை ரப்பர் மேல் அழுத்தினால் எண் காட்டும். என்ஜின் மவுண்டிங் பெரும்பாலும் 40-லிருந்து 60-க்குள் வரும். 50 காட்டிய ரப்பர் 60 காட்டினால், பக்கவாட்டு விறைப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். 63 பக்கம் போனால் ஏறக்குறைய இரட்டை. கடினத்தில் பத்துப் பதின்மூன்று புள்ளி என்பது விரலுக்கு லேசாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஏன் விறைக்கிறது? "ரப்பர் காஞ்சுபோச்சு" என்பது நம் பக்கத்துப் பேச்சு. ஏலக்காய் ஊரில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. ஸ்டோரில் பச்சைக்காயைப் போட்டுச் சூடு காட்டினால் ஐந்து கிலோ போட்ட இடத்தில் ஒரு கிலோ பக்கம் வரும். தண்ணீர் போனது, காய் காய்ந்தது, சரி. ரப்பரில் நடப்பது முக்கால்வாசி அதற்கு நேர் எதிர். அது எதையும் பெரிதாக இழப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போய் ஒட்டுகிறது. எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு ஒட்டினாலே இயற்கை ரப்பரின் குணம் கெட்டுவிடும்.

ரப்பர் என்பது நீளநீள நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் மூட்டை. 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்த நூல்களுக்கு நடுவே முடிச்சு விழுகிறது, ரப்பர் வெயிலில் உருகாமல் நிற்கிறது என்று கண்டார். அளவான முடிச்சு இருந்தால் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். மவுண்டிங்கை அச்சில் வேகவைத்து எடுக்கும்போதே அந்த அளவைப் பார்த்து நிறுத்துகிறோம். ஆனால் என்ஜின் சூட்டில் வேக்காடு நிற்பதில்லை. மிச்சமிருந்த கந்தகமும் புதிதாக வந்த ஆக்சிஜனும் மேலும் மேலும் முடிச்சுப் போடுகின்றன. நூல் அசைய இடம் குறைகிறது. அதுதான் விறைப்பு. அதே ஆக்சிஜன் சில இடங்களில் நூலை அறுத்தும் விடும். அறுபடுவது அதிகமானால் ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். கார்பன் கரி சேர்த்த நம் மவுண்டிங்குகளில் பெரும்பாலும் முடிச்சுதான் ஜெயிக்கிறது.

இந்த ரப்பர் ஒன்றும் அந்நியமானதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏறுகிற அதே 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மூணாறைத் தாண்டி மேற்கே இறங்கினால் கோதமங்கலம் வரும். அதற்குப் பக்கத்தில் பெரியாற்றங்கரையில் இருக்கிறது தட்டேக்காடு. இந்தியாவில் வணிகமாக முதல் ரப்பர்த் தோட்டம் போட்டது அங்கேதான், 1902-இல். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரம், இந்தப் பக்கம் அதை வேகவைக்கும் சரிவு.

வேகவைக்கும் சரிவு என்று சும்மா சொல்லவில்லை. இந்த மாதிரி வேதி வினைகள் பத்து டிகிரி சூடு கூடினால் இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது சோதனை அறையில் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. போடியில் நிழலில் 30 டிகிரி என்று வைப்போம். ஆளை ஏற்றிக்கொண்டு முதல் கியரிலும் இரண்டாவதிலும் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, சைலன்சர் பக்கத்து மவுண்டிங் 70 டிகிரியைச் சுலபமாகத் தொடும். நாற்பது டிகிரி வித்தியாசம், நாலு தடவை இரட்டிப்பு, பதினாறு மடங்கு. தினம் நாலு மணி நேரம் என்ஜின் ஓடினால் அந்த நாலு மணி, நிழலில் கிடக்கும் ரப்பருக்கு 64 மணிக்குச் சமம். மீதி இருபது மணியையும் கூட்டினால் ஒரு நாளைக்கு மூன்றரை நாள் வயது ஏறுகிறது. நாலு வருட மவுண்டிங்குக்குப் பதினாலு வயது. கிலோமீட்டர் மீட்டரில் இது விழாது. போடியிலிருந்து பூப்பாறைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்தால் நம் ஜீப்புகள் சொற்ப தூரமே ஓடியிருக்கும். அதனால்தான் "இன்னும் ஓடலயே, எதுக்கு மாத்தணும்" என்ற கேள்வி வருகிறது. ரப்பருக்குத் தூரம் தெரியாது, சூடும் வருடமும்தான் தெரியும்.

இன்னொன்று. சைலன்சர் பக்கத்து மவுண்டிங் முன்னதாகவே விறைப்பதால் அதுதான் முன்னதாகப் பிளக்கும். பிளந்ததை மட்டும் மாற்றிக்கொண்டு போவது வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 65. என்ஜின் மெத்தென்ற பக்கம் சாய்ந்து உட்காரும், புதியது அதிகமாக அமுங்கிச் சீக்கிரம் போகும். "புதுசு போட்டும் ஆறு மாசம் தாங்கல, டூப்ளிகேட் மால்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். சில சமயம் அவர் மேலும் தப்பு இருக்கும். பழைய டயரை அரைத்துச் சேர்த்த ரப்பரில் செய்த மவுண்டிங் சந்தையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜோடியைப் பிரித்துப் போட்டது நாம்.

ரப்பருக்கு நாமே செய்யும் கெடுதல் வாட்டர் சர்வீஸில் நடக்கிறது. கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ பீச்சியடிக்கிறார்கள். ஸ்பிரிங் பட்டைகளில் கிறீச் சத்தம் நிற்கும், துருப்பிடிக்காது, பார்க்கவும் கறுப்பாகப் பளபளக்கும். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. அது எண்ணெயைக் குடித்து ஊதும், இளகும், இரும்புத் தகட்டிலிருந்து பிரியும். ஷாக்கிள் புஷ், பாடி மவுண்ட் ரப்பர், கியர்பாக்ஸ் மவுண்டிங் எல்லாம் அப்படிப் பஞ்சுபோல் ஆகி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே வண்டியில் மேலே கல், கீழே பஞ்சு. வளைவில் பிரேக் பிடிக்கும்போது இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். இந்த எண்ணெய்க் குளியலை மட்டும் நிறுத்தினாலே மடலின் பாதி நோக்கம் நிறைவேறிவிடும்.

தோட்டக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கிறோம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. செம்பு ரப்பருக்கு விஷம் என்பது ரப்பர் தொழிலின் பழைய பாடம். ஆக்சிஜன் ஒட்டுவதை அது பல மடங்கு விரைவாக்கும். கச்சா ரப்பரில் பத்து லட்சத்தில் சில பங்கு செம்பு இருந்தாலே தள்ளிவிடும் அளவுக்கு அதற்குக் கட்டுப்பாடு. காய்ந்த நீலத்தூள் மேலே படிந்தால் உடனே ஒன்றும் ஆகாது. எண்ணெயில் கரைந்து உள்ளே போகும் வடிவில்தான் அதன் முழு விஷமும் வேலை செய்யும். ஆனால் அந்த எண்ணெய்ப் பிசுக்கைத்தான் வாட்டர் சர்வீஸில் நாமே பூசிவைக்கிறோமே. துத்த மூட்டையும் கலவை டிரம்மும் ஏற்றி இறக்கும் வண்டியை வெறும் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். ஸ்பிரேயரின் ஹோஸ், வாஷர்களையும் அன்றன்றைக்கே.

இவ்வளவு பயமுறுத்தியபின் ரப்பருக்கு ஆதரவாகவும் பேச வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1889-இல் கட்டிய ஒரு ரயில் மேம்பாலத்தில் இயற்கை ரப்பர்ப் பட்டைகளை வைத்தார்கள். நூறு வருடம் கழிந்தும் அவை வேலை செய்தன. எடுத்துச் சோதித்தபோது மேல்தோலில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் கெட்டிருந்தது, உள்ளே ரப்பர் ரப்பராகவே இருந்தது. மேல்தோல் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு உள்ளே போகவிடாமல் காவல் நிற்கிறது. அமெரிக்காவில் பூகம்பத்துக்குத் தாங்கும் பாலங்களை வடிவமைக்கும் விதியில்கூட, சாதாரண இயற்கை ரப்பர்த் தாங்கிக்கு முதுமையால் விறைப்பு பத்தில் ஒரு பங்கு கூடும் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். நம் ஊரிலும் பாருங்கள். 2010-இல் மீட்டர்கேஜை நிறுத்தி, பல வருடம் இழுத்தடித்து, 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்ததே, அந்த அகலப்பாதையில் ஒவ்வொரு கான்கிரீட் ஸ்லீப்பரிலும் தண்டவாளத்துக்கு அடியில் வரி வரியாகக் கோடு போட்ட ரப்பர்த் தகடு இருக்கிறது. ஸ்லீப்பருக்கு இரண்டு. கிலோமீட்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஸ்லீப்பருக்கு மேல். ஸ்டேஷன் பக்கம் போனால் குனிந்து பாருங்கள்.

ஆக, ரப்பர் என்றாலே சீக்கிரம் கெடும் என்பதில்லை. பருமனாக, சூடில்லாமல், எண்ணெய் படாமல், நிழலில் இருந்தால் நம்மை விட அதிக நாள் இருக்கும். ஜீப் மவுண்டிங்குக்கு இந்த நாலில் நிழலைத் தவிர வேறொன்றும் வாய்ப்பதில்லை.

மெல்போர்ன் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. மேலே நான் செய்த நகச் சோதனைக்கே அது எதிரானது. நகமும் ஷோர் கருவியும் தோலைத்தான் கேட்கின்றன. தோல் கல்லாகி உள்ளே நன்றாக இருக்கும் ரப்பரும் உண்டு. விறைப்பைச் சரியாக அறிய வேண்டுமானால் பாரம் ஏற்றி எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் அறையில் அதற்கு மெஷின் இருந்தது. உங்களுக்கு மெஷின் வேண்டாம். எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிப் பின் சீட்டில் வையுங்கள், என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். புது மவுண்டிங் போட்ட வண்டியிலும் பழைய வண்டியிலும் வைத்துப் பார்த்தால் தண்ணீரே சொல்லும். ஐடிலில் தண்ணீர் தெறித்து, ஆக்சிலேட்டரை மிதித்ததும் அடங்கினால், முதலில் மவுண்டிங்கைச் சந்தேகப்படுங்கள். இஞ்செக்டர் சரியில்லாமல் ஒரு சிலிண்டர் விட்டு அடித்தாலும் நடுங்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது உயரம். புதுசையும் பழசையும் பக்கத்தில் வைத்து அளந்தால் பழசு குள்ளமாக இருக்கும். பாரத்திலேயே நின்று நின்று அமுங்கி, கழற்றிய பிறகும் எழும்பாது. குள்ளமான ரப்பருக்கு அமுங்க இடம் இல்லை, அதனாலும் விறைப்பு கூடும்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு உத்தரவு போட்டது: வேலை செய்பவரின் உடம்புக்குள் போகும் நடுக்கம் எட்டு மணி நேரச் சராசரியில் 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. அங்கே அதை டிராக்டர்காரருக்கும் லாரிக்காரருக்கும் அளக்கிறார்கள். நம் மலையில் டிரைவர் இடுப்பையே யாரும் அளக்கவில்லை என்றால், பின்னால் பட்டைப் பலகையில் உட்கார்ந்து போகிற பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையில் ஒரு தடவை, நாள் முழுக்கச் சரிவில் குனிந்து காயெடுத்த பிறகு மாலையில் ஒரு தடவை. சம்பளத்தில் அது சேர்வதில்லை. மவுண்டிங் செட் ஒன்றின் விலையை நீங்கள் ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் எழுத வேண்டியதில்லை.

எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்கிறோம். பெயின்ட் அடிக்கிறோம், ரிஃப்ளெக்டர் ஒட்டுகிறோம், பிரேக், லைட், புகை பார்க்கிறோம். அந்த வேலையோடு மவுண்டிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமானால் கிழியாவிட்டாலும் ஜோடியாக மாற்றுங்கள். மூன்று என்பது என் கணிப்பு, உங்கள் மேஸ்திரி நாலு என்றால் சண்டைக்கு வரமாட்டேன். வாங்கும்போது ரப்பர் மேலோ தகட்டிலோ தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள், நல்ல கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் போடுவார்கள். தகரக்கூரைக் கடையில் ஐந்து சித்திரை கண்ட மவுண்டிங் புதுசு அல்ல. மாட்டிய தேதியை வெள்ளைப் பெயின்ட்டால் சேஸிஸில் எழுதிவையுங்கள். கழற்றிய பழசை எறியாதீர்கள், ஒர்க்‌ஷாப் அலமாரியில் இருக்கட்டும். அடுத்து வருபவர் "கிழியலயே" என்று சொல்லும்போது அவர் கையில் புதுசையும் பழசையும் சேர்த்துக் கொடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். நாளைக் காலையில் முந்தலில் ஆளுக்காக நிற்கும்போது, என்ஜின் ஓடட்டும், நீங்கள் இறங்கிப் பின் சீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
போடியில் ஓய்ந்திருக்கும் ஒரு பழைய ரப்பர்க்காரன்